தோள்மேல் இருந்த கை

பாகூர் கடைத்தெருவில் அந்தப் பேனரை விஜயராணி பார்த்தபோது மணி மூன்றரை. சேதராப்பட்டில் காலை ஷிப்டு முடித்துவிட்டு கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவள் அப்படியே நின்றுவிட்டாள். இருபதடி உயரம். பொங்கலுக்கு வந்து விற்காமல் போன கரும்புக் கட்டுகளுக்குப் பின்னால், மின்கம்பத்தையே மறைத்துக்கொண்டு அரிகரன் சிரித்தான். கையில் வெள்ளிக் கோப்பை. மேலே கொட்டை எழுத்தில், 'இரட்டையர் டென்னிஸின் ஒரே சிங்கமே! பாகூர் மண்ணின் பெருமையே! அகாடமி திறப்பு விழாவுக்கு வருக வருக!'

இரட்டையர் ஆட்டத்துக்கு ஒரே சிங்கமாம். எழுதினவனுக்கும் உறைக்கவில்லை, கட்டினவனுக்கும் உறைக்கவில்லை.

அவள் சிங்கத்தைப் பார்க்கவில்லை. அரிகரனின் இடது தோளைப் பார்த்தாள். பின்னாலிருந்து வந்து அந்தத் தோளில் ஒரு கை விழுந்திருந்தது. நாலு விரல்கள். மோதிர விரல் மட்டும் கணுவில் திருகி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கல்கத்தாவில் நெட்டுக்குப் பக்கத்தில் நின்று வாங்கிய அடியில் உடைந்து, சரியாகக் கூடாமல் போன விரல். இருபது வருஷமாக அவள் தலைமாட்டில் கிடக்கிற விரலை அவளுக்குத் தெரியாதா?

கைக்குச் சொந்தக்காரனைத்தான் காணோம். அரிகரனுக்கு இந்தப் பக்கம் தோளோடு தோள் ஒட்டி நின்ற ஆளை அழித்துவிட்டு, அந்த இடத்தில் அண்டா அளவுக்கு ஒரு டென்னிஸ் பந்தை வைத்திருந்தார்கள். ஆளை அழித்த அவசரத்தில் அந்தப் பக்கத்துத் தோளில் கிடந்த கையை மறந்துவிட்டார்கள்.

"அடப்பாவிங்களா!" என்று வாய்விட்டே கத்தினாள்.

கரும்புக்காரர் திரும்பினார். "இன்னாமா, பையி கிய்யி வுட்டுட்டியா பஸ்ல?"

"ஆளையே வுட்டுட்டானுங்கண்ணா. நீ யாவாரத்த பாரு."

சோரியாங்குப்பத்துக்குப் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் பையின் வாரை முறுக்கிக்கொண்டே இருந்தாள். பசியா, கோபமா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

காலனியில் வீட்டு வாசலில் மாமனார் இன்னாசிமுத்து கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பார்சல்.

"பச்சையப்பன் குடுத்துட்டுப் போனான்மா. மில்லு வூட்டு டிரைவரு. நாளைக்கு விழாவுல நம்ம பாக்யா போட்டுக்கிற சட்டையாம். புதுசு." கிழவர் முகமெல்லாம் சந்தோஷம்.

விஜயராணி பைக்குள் கைவிட்டு கட்டரை எடுத்தாள். கம்பெனியில் கொடுக்கிற கட்டர் அட்டையைக் கடிக்குமே தவிர வெட்டாது. இது அவளாகக் கடையில் வாங்கிப் பையிலேயே வைத்திருப்பது. ஒரே இழுப்பு. பார்சல் பிளந்தது. உள்ளே ஊதா நிறத்தில் பனியன் சட்டை. முன்பக்கம் அரிகரன் பெயரில் அகாடமி. திருப்பினாள். முதுகில் ஆங்கிலத்தில் பெரிதாக, 'மார்க்கர்'.

அவளுக்கு அந்த வார்த்தை தெரியும். எப்படித் தெரியாமல் போகும்? தோள்பட்டை ஆபரேஷன் ஆகி ஆட்டத்தை விட்ட பிறகு, அவள் புருஷன் பாக்யராஜ் டவுன் கிளப்பில் பன்னிரண்டு வருஷம் மார்க்கராக இருந்தான். கிளப்புக்கு வருகிற பெரிய மனிதர்களுக்கு எதிரே நின்று, அவர்கள் வாகாக அடிக்கிற மாதிரி பந்து போட்டுக் கொடுக்கிற வேலை. அவர்கள் தோற்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆட்டம் முடிந்தால் தண்ணீர் தெளித்துக் களத்தை உருளையால் இழுக்க வேண்டும். தாஷ்கண்டில் கோப்பை தூக்கினவன், உலக வரிசையில் நூற்றுப் பதினேழாவது வரைக்கும் போனவன், புரோட்டாக்கடை முதலாளிக்கும் இரும்புக்கடை முதலாளிக்கும் பந்து பொறுக்கிப் போட்டான்.

அந்த வேலையை விட்டுவிட்டு வா என்று கூப்பிட்டதே அரிகரன்தான். பழைய ரைஸ்மில் களத்தில் அகாடமி ஆரம்பிக்கிறேன், நீதான் ஹெட் கோச், போர்டில் இரண்டு பேர் பெயரும் இருக்கும் என்றான். இரண்டு மாதமாக வெயில் பனி பார்க்காமல் பாக்யராஜ் அந்தக் களத்தைக் கொத்தி, மட்டம் பார்த்து, பெயின்ட் அடித்துக் கோடு போட்டது அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான்.

பொழுது சாயும்போது அவன் வந்தான். முழங்கால் வரைக்கும் வெள்ளைப் பெயின்ட். அவள் சட்டையை எடுத்து அவன் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"இன்னாயா இது?"

அவன் படித்தான். "தண்ணி குடு ராணி."

"தண்ணி அப்பறம். மொதல்ல இதுக்கு பதில் சொல்லு. ஹெட் கோச்சுன்னானே அந்த ஆளு, எங்க அந்தக் கோச்சு? கடைத்தெருவுல பேனர பாத்தியா?"

"பாத்தேன்."

"பாத்துட்டுமா போயி கோடு போட்டுகினு இருந்த?"

"பாதிக் கோடு போட்டாச்சு. பாதியில எப்டி வுட்டுட்டு வர்றது?"

இதுதான் பாக்யராஜ். இந்தப் பொறுமையைக் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "நீயெல்லாம் மனுசனாயா? உன்ன அழிச்சிட்டு பந்த வெச்சிருக்கானுங்க. உனக்கு பதிலா பந்து!"

"கை இருக்குதே," என்றான் அவன், லேசாகச் சிரித்து.

"சிரிக்காத. செவுத்துல முட்டிக்கலாம் போலக் கீது எனக்கு."

கிழவர் கட்டிலிலிருந்து குரல் கொடுத்தார். "ஏம்மா கத்தற? மில்லு மொதலாளி நாகராஜன் இல்லன்னா இவன் ஏரோப்ளேன்ல ஏறியிருப்பானா? அவங்க களத்துலதான இவன் ஆட்டமே கத்துகினான்."

"கத்துகினான் மாமா. எப்டி கத்துகினான்னு சொல்லு. அத்தயும் சேத்துச் சொல்லு."

கிழவர் மறுபடியும் மல்லாட்டையை உரிக்க ஆரம்பித்தார்.

எப்படி என்றால் இப்படித்தான். மில் களத்தில் புழுங்கல் நெல்லைக் காயப்போட்டு, மணிக்கொரு தடவை காலால் துழாவிப் புரட்டுகிற வேலை இன்னாசிமுத்துவுக்கு. கூடவே பத்து வயதுப் பாக்யராஜ். டவுன் பள்ளிக்கூடத்தில் டென்னிஸ் பழகிய முதலாளி மகன் அரிகரனுக்கு லீவு நாளில் எதிரே நின்று ஆட ஆள் வேண்டும். களத்தின் நடுவில் கயிறு கட்டினான். இந்தப் பக்கம் பாதிக் களத்தில் நெல். நெல்மேல் பந்து விழுந்தால் எழும்பாது, மணி சிதறும், அப்பனுக்குத் திட்டு விழும். அதனால் பையன் பந்தைக் கீழே விழவே விடமாட்டான். கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்று, வருகிற பந்தையெல்லாம் காற்றிலேயே தட்டித் திருப்பினான். ஐந்து வருஷம் அதே பழக்கம். நெட்டில் நின்று இப்படி வாலி அடிப்பதில் இந்தியாவில் இவனுக்கு ஈடு இல்லை என்று பிற்பாடு கோச்சுகள் வாயைப் பிளந்தார்களே, அந்த வித்தை நெல்லுக்குப் பயந்து வந்த வித்தை.

அரிகரனுக்கு நல்ல சர்வ் இருந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் நெட்டுக்கு வந்தால் கால் பின்னும். தனி ஆட்டத்தில் போன இடமெல்லாம் முதல் சுற்றிலேயே மூட்டை கட்டினான். கூட இவன் நின்றால்தான் ஜெயிப்பு. அதனால்தான் நாகராஜன் இவனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார், தர்மத்துக்கு இல்லை. சுரபயா, பாங்காக், தாஷ்கண்ட் என்று பதினாலு வருஷம் ஜோடியாகச் சுற்றினார்கள். ஜெயித்த மறுநாள் பேப்பரில் தலைப்பு வரும்: 'அரிகரன் ஜோடி வெற்றி'. பதினாலு வருஷமும் பாக்யராஜின் பெயர் ஜோடி. தாஷ்கண்டில் ஜெயித்து வந்தபோது பாகூரில் திறந்த ஜீப்பில் ஊர்வலம் விட்டார்கள். அரிகரன் மாலையோடு மேலே நின்றான். பாக்யராஜ் பின்சீட்டில் இரண்டு பேருடைய பைகளையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்போது இவள் புதுப் பெண்டாட்டி. ரோட்டோரத்தில் நின்று கைதட்டினாள். அதை நினைத்தால் இன்றைக்கும் தன் கையையே அறுத்துப் போடலாம் போலிருக்கும்.

அன்றைக்கு ராத்திரிச் சோற்றுக்கு நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள். கோபத்தில் உப்பு தூக்கலாகப் போட்டுவிட்டாள். அவன் அதையும் பிசைந்து தின்றான். தின்றுவிட்டுச் சொன்னான்:

"போர்டு வேணாம் ராணி. கோச்சும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கப்போறேன்."

"இன்னா?"

"நாளைக்கி நானும் அரியும் ஜோடியா ஒரு ஆட்டம் ஆடறோம், ஜனங்க பாக்கறதுக்கு. அதுல கை குடுக்கட்டும்."

அவளுக்குப் புரிந்தது. டபுள்ஸில் அது ஒரு வழக்கம். ஒவ்வொரு பாயின்ட் முடிந்ததும், ஜெயித்தாலும் தோற்றாலும், ஜோடிகள் இரண்டு பேரும் கிட்டே வந்து உள்ளங்கையோடு உள்ளங்கை தட்டிக்கொள்ள வேண்டும். ஒரு ஆட்டத்துக்கு நூறு தடவைக்குக் குறையாது. உலகம் பூராவும் அரிகரன் இவன் கையைத் தட்டினான், வியர்வையும் எச்சிலும் பார்க்காமல் தட்டினான், ஒரே ரூமில் படுத்தான், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தான். ஆனால் பாகூர் மண்ணை மிதித்துவிட்டால் தொடமாட்டான். மில் களத்தில் பயிற்சி ஆடும்போது பாக்யராஜ் கையை நீட்டினால் ராக்கெட்டை நீட்டி ராக்கெட்டில் தட்டிவிட்டுப் போய்விடுவான். "இங்க வாணாம் பாக்யா, அப்பா பாத்துனு கீறாரு," என்பான். ப்ளேனில் ஏறினால் இவனுக்கு அவன் அரி. இறங்கினால் சின்னவரு. ஊர் ஊர்தான், காலனி காலனிதான்.

"குடுக்கமாட்டான்," என்றாள்.

"குடுப்பான். பதினாலு வருசம் குடுத்த கை அது. இப்ப அவனுக்கும் வயசு நாப்பத்தாறு ஆவுது."

"குடுக்கலன்னா?"

அவன் தட்டில் கை கழுவினான். "குடுத்தா, இந்தச் சட்டைய போட்டுகினு மார்க்கராவே இருந்துட்டுப் போறேன். குடுக்கலன்னா வந்துடறேன். அதுக்கப்பறம் அந்தக் களத்துல கால் வெக்கமாட்டேன். ஆண்டவர்மேல சத்தியம்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். இரண்டு மாத உழைப்பையும், விட்டுவந்த கிளப் வேலையையும், ஒரு மனுஷன் இன்னொரு மனுஷனின் கையைத் தொடுவானா மாட்டானா என்பதில் கொண்டுபோய் வைத்திருக்கிறானே என்று எரிச்சல் வந்தது. ஆனாலும் அவன் இப்படி ஒன்றைக் கேட்பேன் என்று வாயைத் திறந்ததே இந்த இருபது வருஷத்தில் முதல் தடவை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பனி விலகாத காலையிலேயே அரிகரன் காரில் வந்தான். காலனி முனையிலேயே காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினான். பார்க்க நன்றாகத்தான் இருந்தான். டிவியில் டென்னிஸ் பற்றிப் பேசிப் பேசி முகம் மினுமினுவென்று ஆகியிருந்தது. பாக்யராஜ் குளித்துக்கொண்டிருந்ததால் விஜயராணி போனாள்.

"இன்னா ராணி, நல்லாக் கீறியா? பாக்யா ரெடியா? சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் வந்துடணும். மந்திரி வராரு."

"எறங்கி வூட்டுக்கு வாங்க. டீ போடறேன்."

"டயட்ல கீறேன்மா. டீயே வுட்டுட்டேன்." டாஷ்போர்டில் காபிக் கோப்பை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அவள் அதையும் பார்த்தாள், அவனையும் பார்த்தாள்.

"சட்ட வந்துச்சு. முதுகுல மார்க்கருன்னு போட்டுக் கீது. ஹெட் கோச்சுன்னுதான சொன்னீங்க?"

"அது டென்னிஸ்ல ஒரு பேருமா. வெளிநாட்லல்லாம் ரொம்ப மரியாத."

"கிளப்புல பன்னெண்டு வருசம் அந்த மரியாதயத்தான் பாத்தோம்."

அவன் சிரித்தான். "அதெல்லாம் அப்பாவுக்காகத்தான். ஊர்ல நாலு பெரிய மனுசங்க புள்ளைங்கள அனுப்பணுமில்ல? மொதல்ல சேரட்டும். அப்பறம் மெள்ள மாத்திக்கலாம். பாக்யா என் உயிரு. உனக்குத் தெரியாததா?"

"பேனர்ல உங்க உயிரக் காணோமே?"

அரிகரன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். கண்ணாடி ஏறியது. கார் பின்னாலேயே போய்த் திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் மில் களத்தைச் சுற்றி ஊரே கூடியிருந்தது. பழைய நெல் களம் என்று யாரும் சொல்ல முடியாது. நீலமும் பச்சையுமாக, நடுவில் வெள்ளைக் கோடுகள். ஒரு கோடு கோணல் இல்லை. முன்வரிசை சோபாவில் மந்திரி, அவர் பக்கத்தில் பட்டு வேட்டியில் நாகராஜன். பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஊர்க்காரர்கள். காலனி ஆட்களுக்கு மதிலோரம் நிற்க இடம். கடைத்தெருவில் பார்த்த அதே பேனர் மாதிரி இன்னொன்றை நுழைவாயிலில் சவுக்குக் கம்பு நட்டுக் கட்டியிருந்தார்கள். இது பாதி உயரம்தான்; தரையோடு ஒட்டி நின்றதால் தோள் கைக்கெட்டுகிற தூரத்தில் இருந்தது. விஜயராணி அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். மாமனாரும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

மைக்கில் அரிகரனைப் பற்றிப் பத்து நிமிஷம் புகழ்ந்தார்கள். கடைசியில், "அவருடன் உதவிக்கு ஆடுபவர் நம்ம பாக்யராஜ்," என்றார்கள். மதிலோரத்தில் மட்டும் கைதட்டல் எழுந்து, ஊர்க்காரர்கள் திரும்பிப் பார்த்ததும் அடங்கியது. பாக்யராஜ் அந்த ஊதாச் சட்டையோடு களத்தில் இறங்கினான். எதிர்ப்பக்கம் ஆட டவுனிலிருந்து இரண்டு காலேஜ் பையன்கள் வந்திருந்தார்கள்.

அரிகரன் சர்வ் போட்டான். பந்து திரும்பி வந்தது. நெட்டில் நின்ற பாக்யராஜ் ஒரு எட்டு எடுத்துவைத்து, கீழே விழ விடாமல் காற்றிலேயே சுருக்கென்று தட்டினான். பையன்கள் இரண்டு பேரும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். நாற்பத்தைந்து வயது, வெட்டித் தைத்த தோள்பட்டை. அப்படி ஒரு அடி! விஜயராணிக்கு அந்த நேரத்திலும் உடம்பு சிலிர்த்தது.

பாக்யராஜ் திரும்பி நடந்தான். உள்ளங்கையை விரித்து நீட்டினான். அரிகரன் சிரித்துக்கொண்டே வந்தான், ராக்கெட்டை நீட்டினான், ராக்கெட்டில் தட்டினான், திரும்பிப் போய்விட்டான்.

"ஒண்ணு," என்றாள் விஜயராணி, பல்லைக் கடித்துக்கொண்டு.

அடுத்த பாயின்ட். மறுபடியும் பாக்யராஜின் வாலி. மறுபடியும் நீட்டிய கை. மறுபடியும் ராக்கெட்.

"ரெண்டு."

மூன்றாவது பாயின்ட்டை அரிகரன் வலையில் அடித்துத் தோற்றான். பாக்யராஜ் என்ன செய்தான் என்றால், குனிந்து தன் ராக்கெட்டைத் தரையில் வைத்தான், தான் போட்ட வெள்ளைக் கோட்டின் மேலேயே வைத்தான். வெறுங்கையோடு நடுக்களத்துக்குப் போய் நின்று கையை நீட்டினான். இனிமேல் தட்டுவதற்கு அவனிடம் ராக்கெட் இல்லை. கை மட்டும்தான் இருக்கிறது.

அரிகரன் நின்றுவிட்டான். அவன் கண் முன்வரிசைக்குப் போயிற்று. நாகராஜன் கால்மேல் கால் போட்டு அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா பாக்யா, ராக்கெட்ட எடு. ஜனங்க பாக்கறாங்க."

"கை குடு அரி."

ஊருக்குள் அவனை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நாற்காலிகளில் முணுமுணுப்பு எழுந்தது. "இன்னாடா பேர் சொல்லிக் கூப்புடறான்?" என்று யாரோ உரக்கவே கேட்டார்கள்.

"உள்ள போயி தரேன் பாக்யா. மேட்ச் முடியட்டும்."

"உள்ள வாணாம். தாஷ்கண்டுல எங்க குடுத்தியோ, அங்க குடு. நடுக்களத்துல குடு."

மைக்குக்காரன் சமாளித்தான். "பாக்யராஜ் கொஞ்சம் களைப்பா இருக்காரு, ஒரு சின்ன இடைவேளை…" யாரும் அசையவில்லை. பாக்யராஜின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. தைத்த தோள் அது, அதிக நேரம் அப்படி நீட்டினால் வலிக்கும், விரல் நடுங்க ஆரம்பிக்கும். விஜயராணிக்குத் தெரியும். நடுங்க ஆரம்பித்தது. குடேன்டா பாவி, ஒரு தடவை தொட்டால் உன் கை அழுகியா போய்விடும் என்று அவள் மனசுக்குள் கத்தினாள்.

அரிகரன் வலது கையிலிருந்த ராக்கெட்டை இடது கைக்கு மாற்றினான். ஒரு நொடி, கொடுத்துவிடுவான் என்றுதான் எல்லாருக்கும் தோன்றியது. நாகராஜன் சோபாவில் தொண்டையைக் கனைத்தார். அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை. அரிகரன் காலியான வலது கையால் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான். பிறகு ராக்கெட்டை மறுபடியும் வலது கைக்கே மாற்றிக்கொண்டான்.

பாக்யராஜ் கையை இறக்கினான். கோபமாகக்கூட இல்லை, அலுத்துப் போன குரலில், "சரி. நீ ஒண்டியாவே ஆடிக்கோ," என்றான். ஊதாச் சட்டையைத் தலைவழியாகக் கழற்றி, மார்க்கர் என்ற எழுத்து முன்வரிசைக்குத் தெரிகிற மாதிரி நெட்டின்மேல் போட்டான். உள்பனியனோடு, வெட்டித் தைத்த தழும்பு தெரிய, ராக்கெட்டைக்கூட எடுக்காமல் வாசலை நோக்கி நடந்தான்.

"டேய் இன்னாசி! உன் புள்ளய கூப்புடுறா!" என்று நாகராஜன் கத்தினார்.

இன்னாசிமுத்து மதிலோரத்தில் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். அறுபது வருஷமாக அந்தக் குரலுக்கு ஓடின கிழவர். இந்தத் தடவை அவர் ஓடவில்லை. துண்டைத் தோளிலேயே போட்டுக்கொண்டார். "அவன் கேட்டது கைதானங்க," என்றார்.

அதற்குள் இந்தப் பக்கம் பேனரில் சரக்கென்று சத்தம். விஜயராணி கட்டரைக் குத்தி இழுத்துக்கொண்டிருந்தாள். தினமும் நானூறு அட்டைப்பெட்டி வெட்டுகிற கை, கோணாமல் போயிற்று. தோளைச் சுற்றி வளைத்து, விரல் விரலாக வெட்டினாள். டிரைவர் பச்சையப்பன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஏய் ஏய், இன்னாடி பண்ற? யார் பேனர்னு நெனச்ச? இன்னாத்த வெட்டற?"

அவள் நிறுத்தவில்லை. திருகிய மோதிர விரலை மட்டும் பார்த்துப் பதமாகச் சுற்றி வெட்டி எடுத்தாள். முறம் அகலத்துக்கு இருந்த அந்தக் கையைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு, கட்டரை மடக்கினாள்.

"எங்க வூட்டுக்காரரு கைய வெட்டி எடுத்துகினேன். அதுதான் உங்களுக்கு வாணாமே!"

மூன்று பேரும் சோரியாங்குப்பம் ரோட்டில் நடந்தார்கள். பின்னால் மைக்கில் மறுபடியும் அரிகரனின் பெயரைச் சொல்ல ஆரம்பித்திருந்தார்கள். வாசல் பேனரில் அவன் கோப்பையோடு சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஒரு பக்கத்துத் தோள் இல்லாமல்.